பிள்ளைகள் இல்லாமல் ஓடிய வேன்

மூன்று தீபாவளிகளுக்கு முன்னால் நடந்தது இது. பத்தாங் பெர்ஜுந்தாயில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டின ஒரு தாமானில், வரிசை வீடுகள் கட்டின குடியிருப்பில், நாங்கள் குடியிருக்கிறோம். ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, எங்கள் வாயில் மட்டும் இன்னும் வரவில்லை. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன்பே கிளம்பி, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளையும் தாமான் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவேன். மதியம் மறுபடி அள்ளிக்கொண்டு வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் சத்தம் கேட்டால்தான் பிள்ளைகள் ஷூவே மாட்டுகிறார்கள் என்று தாய்மார்கள் சொல்வார்கள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரைக்கும் வேலை கிடையாது. வேன் ஓட்டுகிற நாங்கள் நாலைந்து பேர் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்துவிடுவோம். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். ஊர்க்கதை சூடு பிடித்தால் இன்னொரு ரொட்டி, இன்னொரு தே. காலையில் சீட்டில் உட்கார்ந்தவள் கடையில் உட்கார்ந்து, திரும்பவும் சீட்டில் உட்காருவேன். உடம்பு வருடா வருடம் ஒரு சுற்று பெருத்தது. நான் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. காரணம், நான் விரதக்காரி. தைப்பூசம் வந்தால் கையில் காப்புக் கட்டிக்கொள்வேன். ஒரு வேளைச் சாப்பாடு, சைவம், தரையில் படுக்கை. பத்துமலைக்குப் பால்குடம் தூக்கிக்கொண்டு ஏறும்போது சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகியிருக்கும். காப்பைக் கழற்றின மறுநாளே ஆட்டிறைச்சிப் பிரட்டல். சித்திரை பிறப்பதற்குள் சட்டை பழையபடி இறுகிவிடும். சரி, அடுத்த தைப்பூசத்துக்கு இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அம்மா அப்பா இல்லை. அவன் கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன், வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். என் வீட்டுக்காரர் புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்து வண்டி வந்து தம்பியைக் கோல சிலாங்கூருக்கு ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பான்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்காதது தண்ணீர்தான். அவன் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. அளவு வைத்திருந்தார்கள். வெயில் நாளில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அது கரைகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருப்பான். வேனில் பிள்ளைகள் போத்தலைக் கவிழ்த்து மடக் மடக்கென்று குடிக்கும்போது நான் கண்ணாடியில் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான் ஒரு சிறுநீரகம் தருகிறேன் என்று சொன்னேன். இரத்தம் பொருந்தியது. கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனை, என்னைவிட வயதில் சின்னவரான ஒரு மலாய்க்கார டாக்டரம்மா. எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு, எடை கூடுதல், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இந்த உடம்போடு எடுக்க முடியாது என்று மலாயில் பட்டென்று சொல்லிவிட்டார். நான் விடவில்லை. மூன்று வாரம் கொடுங்கள், இறக்கிக் காட்டுகிறேன், தைப்பூசத்துக்கு வருடா வருடம் இறக்குகிறவள்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இறக்குவது தனக்கு முக்கியமில்லை, இறக்கின இடத்தில் நிற்க வேண்டும், தீபாவளி, பள்ளி விடுமுறை எல்லாம் தாண்டி நிற்க வேண்டும் என்றார். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வந்து காட்டச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் லிப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கினேன். பாதியில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று உறைத்தது.

மறுநாளே பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவில் ஒரு ஷூ வாங்கினேன். எனக்குத் தெரிந்த ஷூ கடை பள்ளிக்கூட ஷூ விற்கிற கடைதான். அதனால் ஐந்தாம் படிவத்துப் பையன்கள் போடுகிற கறுப்பு ஷூவில் என் அளவுக்கு ஒன்று எடுத்தேன். அதை வேன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளைகளை இறக்கிவிட்டதும் வேனைப் பள்ளி வேலியோரம் நிறுத்திவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டு, எண்ணெய் ஆலைக்குப் போகிற செம்மண் சாலையில் நடக்க ஆரம்பித்தேன். முதல் நாள் சின்னப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்த ஆட்கள், “என்னாம்மா, வேன் கோங் ஆயிருச்சா?” என்று கத்தினார்கள். கோங் என்றால் எங்கள் ஊரில் பழுதாகி நின்றுபோவது. “வேன் நல்லாத்தான் இருக்கு, ஓட்டறவதான் கோங்,” என்று திருப்பிக் கத்தினேன்.

போகப் போக பாலத்தைத் தாண்டினேன். பிறகு ஆலை முச்சந்தி. பால் டீயான தே தாரிக் போய், பாலும் சீனியும் இல்லாத தே ஓ வந்தது. ரொட்டியை ஒரேயடியாக விடவில்லை, வாரத்தில் ஒரு நாள் என்று ஆக்கிக்கொண்டேன். எடை அவசரமில்லாமல் இறங்கியது. இடையில் ஒரு தடவை போனபோது டாக்டரம்மா தலையாட்டினார். இனிமேல்தான் பண்டிகைக் காலம், அதைத் தாண்டி வாருங்கள் என்றார். எனக்கென்ன, லீவு நாளில் இன்னும் நேரம் கிடைக்கும், ஒரு நடை இரண்டு நடையாகப் போகலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

தீபாவளி லீவு விட்டார்கள். வேன் வீட்டு வாசலில் நின்றது. நேரம் நிறைய இருந்தது, நடைதான் இல்லை. காலையில் எழுந்தால் துணி, பிறகு அதிரசத்துக்கு மாவு, அப்புறம் முறுக்கு அச்சு, நடுவில் யாராவது வந்துவிடுவார்கள். சாயங்காலம் போகலாம் என்று நினைப்பேன், மழை பிடித்துக்கொள்ளும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே என்னிடம் சொல்லிக்கொள்வேன். பள்ளி நாளில் ஒரு நாளும் நடப்பதா வேண்டாமா என்று யோசித்ததே கிடையாது. லீவில் தினமும் யோசித்தேன், தினமும் போகவில்லை.

அடுத்தது ஓப்பன் ஹவுஸ், வீட்டைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. எங்கள் பக்கத்தில் தீபாவளி ஒரு நாளோடு முடிகிற சமாச்சாரமா? வேன் பிள்ளைகளின் வீடு ஒவ்வொன்றுக்கும் நான் போயாக வேண்டும். போகாவிட்டால் பிள்ளைகள் அடுத்த வாரம் வேனில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். போனால் தட்டு தயாராக இருக்கும். டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொன்னால் ஒருவரும் காதில் வாங்கவில்லை. “டாக்டருங்க அப்டித்தான் லா சொல்லுவாங்க. நல்ல நாள்ல ஒன்னே ஒன்னு சாப்புட்டா ஒன்னும் ஆவாது, எடுத்துக்குங்கக்கா.” ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றே ஒன்றுதான். வீடுதான் நிறைய இருந்தது. ஒரு வீட்டில் நான் தட்டைத் தள்ளி வைத்ததும் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வீட்டில் கோழிப் பிரட்டலோடு தட்டு வந்தபோது என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “விரதங்க.”

அவ்வளவுதான். தட்டு மரியாதையாக உள்ளே போனது. “ஐயோ, சஷ்டி விரதமாக்கா? தெரியாம நீட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க,” என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி வருகிறதே, அது எனக்கு ஞாபகமே இல்லை. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டி வைத்தேன். ஆகா, இந்த வழி முன்னமே தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. மிச்சமிருந்த வீடுகளிலும் அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. நான் விரதம் என்ற செய்தி என் வேனைவிட வேகமாகத் தாமானைச் சுற்றி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். கேசரி கிண்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது, அதனால் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயரே கேசரியக்கா. அவர் காலையிலேயே குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். “தம்பி உடம்பு நல்லாகணும்னுதானே விரதம் இருக்க? எனக்குத் தெரியும்டி. சாமிக்குப் படைச்சி எடுத்துட்டு வந்திருக்கேன், சாப்புடு.” நெய் மிதக்கிற கேசரி. அன்றைக்கு மாலை இன்னொரு வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல். மறுநாள் பாயசம், பஞ்சாமிர்தம், பாலும் வாழைப்பழமும். ஓப்பன் ஹவுஸ் தட்டையாவது தள்ளி வைக்கலாம். பிரசாதத்தை எப்படித் தள்ளுவது? கேசரியக்கா நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் நின்று பக்தியோடு பார்த்துக்கொண்டிருப்பார். முருகன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவளுக்கு முருகனே கேசரி கொடுத்தனுப்புகிறான் என்று மனதுக்குள் நொந்துகொண்டே விழுங்கினேன். ருசியாக வேறு இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சூரசம்ஹாரத்தன்று குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கிற எடை மிஷினில் ஏறிப் பார்த்தேன். முள் எங்கே நிற்கக் கூடாதோ அந்தப் பக்கம் நகர்ந்திருந்தது. மிஷினைக் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பினால் தம்பி பின்னறை வாசலில் நிற்கிறான். அவன் சிரிக்கவில்லை. சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோது வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“போதும்க்கா. நீ நல்லா சாப்புடு, சந்தோஷமா இரு. எனக்கு அந்த டயாலிசிஸ் மிஷினே போதும். டாக்டரம்மாவுக்குப் போன் அடிச்சி வேணாம்னு சொல்லிர்றேன்.”

“என்னடா பேசற? கேசரி தின்னதுக்கா கோவம்?”

“கோவம்லாம் இல்லக்கா. நான் ஒருத்தன் வந்து சேந்ததால நீ சாமி பேர சொல்லிப் பொய் சொல்லிக்கிட்டு, வெய்ட்ட ஒளிச்சி வெச்சிக்கிட்டு... நல்ல நாள்ல கூட உனக்கு நிம்மதியா ஒரு வாய் சாப்பாடு இல்ல. உன்ன இப்படி வதைச்சி எனக்கு ஒன்னு வேணுமா?”

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பைத்தியமா உனக்கு என்றேன், உன்னை யாரு கேட்டா என்றேன். அவன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். என் தம்பியை எனக்குத் தெரியும். சத்தம் போட்டால் விளையாட்டு, அமைதியாகச் சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.

மறுநாள் காலை வழக்கமான வேன் நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. லீவில் வேனை அப்படியே நிறுத்தி வைத்தால் பேட்டரி கோங் ஆகிவிடும், கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி வை என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, அதையாவது செய்யலாம் என்று வெளியே வந்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். காலை உள்ளே இழுத்தபோது எதுவோ இடித்தது. என் கறுப்பு ஷூ.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. லீவு முழுக்க நேரம் கிடைக்கவில்லை, மழை வந்தது, ஆள் வந்தது என்று காரணம் தேடினேன். உண்மையில் நான் நடக்கிறவளாக இருந்தது இந்த வேனில்தான். இந்த இன்ஜின் சத்தம், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் வேலியோரம், அப்புறம் ஷூ. ஒன்றை அடுத்து ஒன்று தானாக வந்துகொண்டிருந்தது. வேனை நிறுத்தினபோது நடையையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினேன்.

சத்தம் கேட்டுத் தம்பி கைலியோடு வெளியே வந்தான்.

“எங்கக்கா கெளம்பற? இன்னிக்கு ஸ்கூல் இல்லியே.”

“தெரியும். ஏறு.”

ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே ஏறினான். நான் நேராகப் பள்ளிக்கே போயிருக்கலாம். கை கேட்கவில்லை. லயத்துப் பக்கம் திரும்பியது, பிள்ளைகளை ஏற்றுகிற இடம் ஒவ்வொன்றிலும் நின்றது, நின்று புறப்பட்டது. ஓரிடத்தில் பழக்க தோஷத்தில் ஹாரன் வேறு அடித்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு வாண்டு தூக்கச் சட்டையோடு ஓடி வந்து, வேனைப் பார்த்துவிட்டு, ஸ்கூல் தொறந்துட்டாங்களா என்று வாசலிலேயே அழ ஆரம்பித்தது. அதன் அம்மா வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்து, “வேன் அக்கா, லீவுதானே? ஏன் பிள்ளைய பயமுறுத்தறீங்க?” என்று கேட்டாள். தம்பி முன் சீட்டில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

பள்ளி வேலியோரம் வேனை நிறுத்தினேன். தம்பி என் காலைப் பார்த்துவிட்டு, “என்னாக்கா இது, ஸ்கூல் ஷூவா?” என்றான். அவன் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. நான் நடப்பதை யாருமே பார்த்ததில்லை, ஒட்டுக்கடை ஆட்களைத் தவிர. மெதுவாக நடந்து சின்னப் பாலம் வரைக்கும் கூட வந்தான். அங்கே கட்டையில் உட்கார்ந்துகொண்டான். நான் ஆலை முச்சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் நடக்காத முட்டி வலித்தது. இருந்தாலும் செம்மண் சாலையில் அந்த ஈர வாசனையும், செம்பனை மட்டைக்கு நடுவில் வருகிற வெயிலும், எனக்கு என் உடம்பு திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “உனக்காக ஆரம்பிச்சதுதான்டா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஒரு நேரந்தான் எனக்குன்னு இருக்கு. யாரும் வேன் அக்கான்னு கூப்புட மாட்டாங்க, யார் மூக்கையும் தொடைக்க வேணாம். எனக்கு இது புடிச்சிருக்குடா. நீ வேணாம்னு போன் அடிச்சாலும் நான் நாளைக்கு வந்து நடக்கத்தான் போறேன்.”

அவன் பாலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீரில் ஒரு சின்னக் கல்லை விட்டெறிந்தான். பிறகு எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டே, “போன் அடிக்கல, போ,” என்றான்.

அன்றைக்கே கேசரியக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் இல்லை, தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க வேண்டும், உடம்பு இறங்கின இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “அடிப் பாவி! சாமிகிட்ட பொய் சொன்னது கூட பரவால்ல, அவரு மன்னிச்சிருவாரு. என் கேசரிகிட்ட பொய் சொன்னியே!” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

எல்லோரும் அப்படி இல்லை. விஷயம் தெரிந்ததும் சிலர் பொம்பள உடம்பு, இதெல்லாம் வேண்டாத வேலை என்றார்கள். கெர்லிங்கில் இருக்கிற ஒரு சொந்தக்காரர் போன் போட்டு, உனக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் குடும்பத்தை யார் பார்ப்பது என்று கேட்டார். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஓப்பன் ஹவுஸ் தொல்லை மட்டும் ஓய்ந்தது. உண்மையைச் சொன்ன பிறகு தட்டு வந்தால் சோறும் கறியும் அளவாகச் சாப்பிடுவேன். பலகாரத்தில் எனக்கு ஆசையான ஒன்றை எடுத்து ருசித்துத் தின்பேன். மற்றதைக் கட்டிக் கொடுங்கள், வீட்டுக்காரருக்கு என்பேன். யாருக்கும் முகம் தொங்கவில்லை. எல்லாவற்றையும் அடியோடு விடுவதற்கும் எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்வதற்கும் நடுவில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கேசரியக்காவிடம் உண்மையைச் சொன்ன மறுநாள் காலை வேனைத் திருப்பும்போது முனையில் அவர் நிற்கிறார். காலில் ஜப்பான் சிலிப்பர், தோளில் துண்டு. “எனக்கும் முட்டி வலிதான். ஏறலாமா, இல்ல பிள்ளைங்களுக்கு மட்டுந்தானா?” என்றார். ஆண்டு இறுதி விடுமுறை வந்ததும், பிரஷ்ஷோடு வந்து சண்டை போட்ட பெண், அவள் நாத்தனார், லயத்திலிருந்து ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒருவரின் மனைவி என்று வேன் பாதி நிரம்பிவிட்டது. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற சீட்டில் இத்தனை பெரிய உருவங்கள். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. நேற்று நீ உட்கார்ந்தாய், இன்னிக்கு நான் என்று தினமும் நடக்கும். நான் பிள்ளைகளிடம் கத்துகிற மாதிரியே கத்துவேன், எல்லோரும் கப்சிப் என்று உட்காருவார்கள். மழை கொட்டின காலையில் சந்தைக் கொட்டகைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தோம். கிறிஸ்துமஸ் வந்தது, புது வருடம் வந்தது, விருந்தும் வந்துகொண்டுதான் இருந்தது. வேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தம்பி டயாலிசிஸ் இல்லாத நாளில் வந்து பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கேலி பண்ணிக்கொண்டிருப்பான்.

பள்ளி திறந்த வாரத்தில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். எடை பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். முடிவு எல்லாம் வந்த பிறகு உள்ளே கூப்பிட்டார். எல்லாம் அவர் கேட்ட இடத்திலேயே நின்றிருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. நடுவில் ஏறிவிட்டது டாக்டர் என்று கேசரிக் கதையை உடைந்த மலாயில் சொல்லிவிட்டேன். ஒளிக்கிற வேலை போதும் என்று ஆகியிருந்தது. அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். ஏறினதை நீங்களே பார்த்து, நீங்களே இறக்கி, அதற்குப் பிறகும் நின்றிருக்கிறீர்கள், எனக்கு வேண்டியது அதுதான் என்றார்.

நான் ஒரு வழியாக என் தம்பிக்காகப் பாஸ் ஆகிவிட்டேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது உங்கள் தம்பிக்காக வைத்த பரீட்சை இல்லை என்றார். சிறுநீரகம் அன்றைக்கே நன்றாகத்தான் இருந்தது, எடுத்து அவருக்கு வைத்திருக்கலாம். எடுத்த பிறகு ஒன்றே ஒன்றோடு நீங்கள் எத்தனையோ வருடம் வாழ வேண்டும், அதற்கு இந்த உடம்பு தாங்குமா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் உங்களுக்கும் டாக்டர் இல்லையா என்று கேட்டார். இத்தனை மாதமும் தம்பிக்காக நான் எதையோ தியாகம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண், பெயர்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது, எனக்காகப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தாதி வந்து எழுந்து நடக்க வேண்டும் என்றபோது, வார்டு நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நடந்தேன். எதிர்ப் பக்கத்து வார்டில் தம்பி. கதவு வரைக்கும் போய் அவனைப் பார்த்ததும், “என்னாக்கா, பாலம் வந்துருச்சா?” என்று முனகினான். நான் ஓய்வில் இருந்த காலத்தில் என் வீட்டுக்காரரின் தம்பி வேனை ஓட்டினார். அந்த ஆள் ஹாரன் அடிக்காததால் பிள்ளைகள் பாதி நாள் லேட்டாம்.

போன தீபாவளிக்கும் வேன் ஓடியது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று கிளம்பினோம். தம்பி இப்போது சின்னப் பாலத்தில் உட்காருவதில்லை. ஆலை முச்சந்தி வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடந்து போனான். அங்கே நின்று, ஏதோ ஒரு பிள்ளை வேனில் விட்டுப்போயிருந்த பொம்மை போட்ட போத்தலைத் திறந்து, தலையை அண்ணாந்து, மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். கழுத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த கேசரியக்கா, “நடு ரோட்ல நின்னா எப்புடி? நடங்க லா!” என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

தைப்பூசத்துக்கு இன்றைக்கும் காப்புக் கட்டிக்கொள்கிறேன், முடிந்ததும் கழற்றுகிறேன். ஆனால் என்னிடம் மிச்சமிருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்கிற இந்த வேலைக்குக் கழற்றுகிற நாள் என்று ஒன்று கிடையாது என்பதும், அது எனக்குச் சுமையாக இல்லை என்பதும், ஒவ்வொரு லீவு நாள் காலையிலும் காலி வேனின் சாவியைத் திருப்பும்போது மனதில் வந்து போகிறது.